குடிக்கக் கேன் தண்ணி, உலைக்கு போர் தண்ணியா?

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் எந்த வீட்டு அடுப்படிக்குப் போனாலும் இரண்டு வகைத் தண்ணீர் இருக்கும். மேடை மேல் கவிழ்த்து வைத்த கேனோ, தட்டு போட்டு மூடிய ஒகேனக்கல் தண்ணிக் குடமோ ஒன்று. சிங்க் குழாயைத் திறந்தால் கொட்டுகிற போர் தண்ணி இன்னொன்று. முதலாவது குடிக்க. இரண்டாவது 'மத்த எல்லாத்துக்கும்'. இந்த 'மத்த எல்லாத்துக்கும்' என்பதோடுதான் எனக்குச் சண்டை. பாத்திரம் கழுவுவதும் அதில் வருகிறது, களிக்கு உலை வைப்பதும் அதில் வருகிறது. இரண்டும் ஒன்றா?

நம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு இருக்கிறது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. அடியில் கிடக்கிற கடினப் பாறையில் ஃப்ளோரைடு உள்ள கனிமங்கள் இருக்கின்றன. தண்ணீர் அந்தப் பாறை இடுக்குகளில் வருடக்கணக்காகத் தங்கி அதைக் கரைத்துக்கொள்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டின போர்கள் நம் இரண்டு மாவட்டத்திலும் நிறைய. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு விழுந்த பிள்ளைகளைப் பள்ளிக்கூட வாசலில் நின்றால் பார்க்கலாம். வருடக்கணக்கில் அளவு மீறிப் போனால் எலும்பும் மூட்டும் இறுகிப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. ஜப்பான் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் போட்டு, 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013 மே மாதம் திறந்து வைத்தார்கள். காவிரித் தண்ணீரை மேடேற்றி இங்கே கொண்டுவந்தது சின்ன வேலை இல்லை.

அவ்வளவு பாடுபட்டு வந்த தண்ணீரைச் சொம்பில் மொண்டு குடித்துவிட்டு, உலைக்கு மட்டும் போர் தண்ணியைப் பிடித்து வைக்கிறோம்.

'கொதிக்க வெச்சா எல்லாம் போயிடும்' என்று இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும். போகாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃப்ளோரைடு உயிருள்ள பொருள் இல்லையே, சாவதற்கு. ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், ஃப்ளோரைடு பாத்திரத்திலேயே நிற்கும். குழம்பு சுண்டச் சுண்ட அதில் அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், செப்புக் குடத்தில் ஊற்றி வைத்தாலும், பழைய கேண்டில் ஃபில்டரில் விட்டாலும் அது அப்படியே இருக்கும்.

களியை எடுத்துக்கொள்வோம், நம்ம ஊர்ச் சாப்பாடு அதுதானே. உலை கொதித்ததும் நொய்யைப் போட்டு வேகவிடுகிறோம். அது வெந்து குழைந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குவித்துக் கொட்டி, துடுப்பால் குழி போட்டு, தீயைத் தணித்து மூடி வைக்கிறோம். குழி வழியாகக் கஞ்சி பொளக் பொளக்கென்று மேலே வந்து மாவை நனைக்கும். அப்புறம் பானை நகராமல் கவைக்கோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டி, கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி வைக்கிறோம். இதில் எங்கேயாவது ஒரு சொட்டுத் தண்ணீரை வெளியே கொட்டினோமா? இல்லை. மாவு ஒரு பங்கு என்றால் தண்ணீர் இரண்டு, இரண்டரைப் பங்கு. அத்தனையும் உருண்டைக்குள்ளேதான் இருக்கிறது. அளவான ஒரு உருண்டையில் கால் லிட்டர் தண்ணீராவது நிற்கும்.

போர் தண்ணியில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு உருண்டையோடு முக்கால் மில்லிகிராம் உள்ளே போகிறது. எல்லைக்கோட்டில் இருக்கிற 1.5 தண்ணீரை அரை லிட்டர் குடித்தால் எவ்வளவு போகுமோ அவ்வளவு. உழைக்கிற ஆள் ஒரு உருண்டையோடு எழுந்திருப்பாரா? கூட கீரைக் கடைசலோ கொள்ளுக் கடைசலோ, காலையில் கூழ், நடுவில் இரண்டு டீ. டீத்தூளிலேயே கொஞ்சம் ஃப்ளோரைடு உண்டு என்பது தனிக் கணக்கு. கேனில் பிடித்துக் குடித்து மிச்சப்படுத்தியதை எல்லாம் தட்டில் வைத்துத் திருப்பி வாங்கிக்கொள்கிறோம்.

சோறு வடிக்கிற வீட்டில் கஞ்சியோடு கொஞ்சம் வெளியே போகும். ஆனால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்கிற பழக்கம் நமக்கு. அது நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. இப்போது பாதி வீட்டில் வடிப்பதே இல்லை. குக்கரில் ஒன்றுக்கு இரண்டரை ஊற்றி மூடிவிடுகிறோம், எல்லாம் அரிசிக்குள் போய்விடுகிறது.

இதைப் பேச ஆரம்பித்தால் எங்கள் தெருப் பெரியம்மா விடமாட்டார். "ஏங் கண்ணு, போர் தண்ணியில வெச்சா பருப்பு மசமசன்னு வேகுது. அந்தக் குழாத் தண்ணியில பிளீச்சிங் நாத்தம். எது நல்ல தண்ணின்னு நாக்குக்குத் தெரியாதா?"

தெரியாது பெரியம்மா. ஃப்ளோரைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, இந்த அளவில் ருசியும் இல்லை. பருப்பு வேகிற கணக்கு அதைவிட ஏமாற்றுக் கணக்கு. சுண்ணாம்புச் சத்து அதிகமான தண்ணீரில் பருப்பு வேகாது, விதை விதையாக நிற்கும். சுண்ணாம்பு குறைந்து, சோடா உப்புக் குணம் கூடின தண்ணீரில் சீக்கிரம் குழையும். அடம்பிடிக்கிற கொண்டைக்கடலைக்கு ஒரு சிட்டிகை சோடா உப்புப் போடுகிறோமே, அதே காரணம்தான். நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் சேருவதும் பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்பு குறைந்த, சோடாக் குணமுள்ள தண்ணீரில்தான். சுண்ணாம்பு நிறைய இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும், கரைய விடாது. ஆக, பருப்பு பூப்போல வெந்த பாத்திரத்தில் ஃப்ளோரைடு இல்லை என்று சொல்லவே முடியாது. அதிகம் இருந்தாலும் இருக்கும்.

பிளீச்சிங் வாசனைக்கு மருந்து சுலபம். ராத்திரியே குடத்தில் பிடித்து, வாய்க்கு மெல்லிய துணி கட்டி வைத்தால் காலையில் பெரும்பாலும் போயிருக்கும். கொதி வந்தால் மிச்சமும் போகும். களியில் அந்த வாசனை வருகிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆர்.ஓ. விற்க வருகிறவர்கள் ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி டி.டி.எஸ். எண் காட்டுவார்கள். இரண்டு கம்பியை விட்டு கரண்ட் கொடுத்துத் தண்ணீரைச் சேறு மாதிரி ஆக்கிக் காட்டுகிற வித்தையும் உண்டு. அது கம்பியில் இருந்து வருகிற இரும்பு, உங்கள் தண்ணீரின் அழுக்கு இல்லை. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கிற எல்லா உப்பின் மொத்தக் கணக்கு. அதில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று அந்த மீட்டருக்குத் தெரியாது. எண் குறைவாகக் காட்டுகிற போரிலும் ஃப்ளோரைடு 2, 3 என்று இருக்கலாம்.

ஆர்.ஓ. மெஷின் ஃப்ளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும், அதில் சந்தேகம் வேண்டாம். எடுத்ததை எங்கே வைக்கிறது? பக்கத்துக் குழாயில் விடுகிறதே, அந்தக் கழிவுத் தண்ணீரில். அதில் உப்பும் ஃப்ளோரைடும் முன்பைவிடக் கெட்டியாக இருக்கும். வீட்டு மெஷினில் ஒரு குடம் நல்ல தண்ணிக்கு இரண்டு, மூன்று குடம் இப்படிக் கழியும். ஓசூர் பக்கத்து ஃபிளாட்டுகளில் இதை வாளியில் பிடித்து வைப்பதைப் பார்க்கிறேன், நல்ல விஷயம்தான். அந்த வாளியிலேயே அரிசி களைவதையும் பருப்பு ஊறவைப்பதையும் பார்க்கிறபோதுதான் வயிற்றெரிச்சல். அது தரை துடைக்க, கக்கூஸுக்கு, வண்டி கழுவ. மாட்டுக்கும் வைக்கக் கூடாது, அதன் பல்லும் எலும்பும் இதே பாடுதான் படும்.

'குழாய் வர்றதே ஒரு நாள் விட்டு ஒரு நாள், இதுல சமையலுக்கும் அதுதான்னா குடத்துக்கு எங்கே போறது?' இது நியாயமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் அறிவுரை சொல்வது எனக்குப் பிடிக்காது. தண்ணீர் தூக்குவது பெண்கள். கூட ஒரு குடம் என்று எழுதுவது சுலபம், இடுப்பில் வைத்து நடப்பது அவர்கள். அதனால் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்று பார்த்தால், நிறைய இடத்தில் விட்டுக்கொடுக்கலாம்.

இட்லிப் பானையின் அடித்தண்ணீர் போர் தண்ணியாகவே இருக்கட்டும். மேலே போவது வெறும் ஆவி, ஃப்ளோரைடு அதில் ஏறாது. பானை உட்புறம் வெள்ளையாகப் படியாமல் இருக்க, சக்கை பிழிந்த புளியை ஒரு துண்டு போடுவார்களே, அதைப் போட்டால் போதும். ஆனால் மாவு ஆட்டுகிற தண்ணீர், உளுந்தும் அரிசியும் ஊறுகிற தண்ணீர் நல்ல தண்ணியாக இருக்க வேண்டும். ஊறுகிறபோது குடிக்கிறதே அது. குக்கருக்குள் பாத்திரம் வைத்துச் சமைக்கிறவர்கள் அடியில் போர் தண்ணி ஊற்றலாம், உள்பாத்திரத்துக்கு நல்ல தண்ணி. காய் கழுவ, கீரை அலச போர் தண்ணி தாராளம். அலசி உதறி எடுத்தால் ஒட்டிக்கொண்டு வருவது கொஞ்சம்தான். அரிசியை முதல் இரண்டு தடவை போர் தண்ணியில் சட்டென்று களைந்து கொட்டிவிட்டு, கடைசித் தடவை நல்ல தண்ணியில் களையலாம். ஊறப்போட்டுவிட்டு டிவி பார்க்கப் போகக் கூடாது, அவ்வளவுதான். பாத்திரத்துக்கு, கை கழுவ, வாசல் தெளிக்க எல்லாம் போர் தண்ணிதான். இப்படிப் பிரித்தால் நல்ல தண்ணி தேவைப்படுவது உலை, குழம்பு, ரசம், டீ, மாவு, ஊறல் இவ்வளவுக்குத்தான். நான்கு பேர் இருக்கிற வீட்டுக்குக் குடிக்கிறதற்கு மேல் ஒரு குடம் கூட வைத்தால் சமாளிக்கலாம்.

அதுவும் இல்லாத நாளில் எதை விடுவது? மற்றது எதை விட்டாலும் கைக்குழந்தைக்குக் காய்ச்சுகிற கேழ்வரகுப் பாலை விடாதீர்கள். முளைகட்டி, அரைத்து, துணியில் பிழிந்து, கூழ் பதத்துக்குக் காய்ச்சுகிறோம். ஆரம்பம் முதல் முடிவு வரை தண்ணீர்தான். நிரந்தரப் பல்லின் மேற்பூச்சு ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருப்பது பிறந்ததிலிருந்து ஏழெட்டு வயது வரை. பல்லில் கறை விழுவது அந்த வயதில் உள்ளே போன ஃப்ளோரைடால்தான். பிறகு எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெரியவர்கள் ஒரு வேளை போர் தண்ணிக் குழம்பு சாப்பிட்டால் சமாளித்துக்கொள்வோம். பிள்ளைகள் கஞ்சியில் சிக்கனம் வேண்டாம். அங்கன்வாடியிலும் சத்துணவுக் கூடத்திலும் எந்தத் தண்ணீரில் சமைக்கிறார்கள் என்று பெற்றோர் போய் ஒருநாள் கேட்கலாம். சண்டைக்குப் போக வேண்டாம், கேட்டாலே போதும், அடுத்த நாள் குடம் மாறும்.

புளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கமெண்டில் வந்து நிற்கும். புளிக்கு நம் ஊர் பேர்போனது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்து ஆய்வாளர்கள் பையன்களுக்குத் தினமும் புளி சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில், சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது உண்மை. கேழ்வரகில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் உடம்புக்கு ஒரு துணைதான். அதற்காக 'நாங்கதான் புளிக்குழம்பும் களியும் திங்கறோமே' என்று போர் தண்ணியை ஊற்றிக்கொண்டே இருந்தால், வெளியே போவதைவிட உள்ளே வருவது அதிகமாகத்தான் இருக்கும்.

எல்லா போரும் கெட்ட போர் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே தெருவில் ஒரு போரில் அளவுக்குள் இருக்கும், நாலு வீடு தள்ளி இரண்டு மடங்கு இருக்கும். பாறையைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்தது. 'குழாத் தண்ணி' என்று வருவதிலும், தட்டுப்பாட்டு நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணியைக் கலந்து விடுகிற ஊர்கள் உண்டு. எந்த ஊர் என்று எழுதி வம்பு வாங்கப்போவதில்லை. திடீரென்று பிளீச்சிங் வாசனை காணாமல் போய், சோப்பு நுரை வருவதும் மாறினால் கொஞ்சம் யோசியுங்கள்.

தெரிந்துகொள்ள ஒரே வழி பரிசோதனைதான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வுக்கூடம் இருக்கிறது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளோரைடு பார்க்கக் கண்ணாடி பாட்டில் கூடாது. மோட்டாரைப் போட்டுச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை இரண்டு மூன்று தடவை கழுவிக் கொட்டிவிட்டு, நிறையப் பிடித்து மூடுங்கள். மேல்தொட்டியில் இருந்து வேண்டாம், போரில் இருந்தே நேராகப் பிடியுங்கள். பாட்டிலில் ஊர், போர் ஆழம், பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது 'ஃப்ளோரைடு பார்க்கணும்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். வந்த எண்ணைக் கமெண்டில் ஊர்ப் பெயரோடு போட்டால் பக்கத்து வீட்டுக்காரருக்கும் உதவும்.