நாலு கைப் பாட்டி

போன வாரம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் நண்பர் ஒருவருக்குப் போனில் ஓர் ஓவியத்தைக் காட்டினேன். வெள்ளை முடி கலைந்து கிடக்க, மேசை நிறையக் காகிதத்தோடு வேலையில் மூழ்கிய ஒரு பாட்டி. கை மட்டும் நாலு. "நம்ம சரஸ்வதியப் பாத்து வரைஞ்சுட்டாங்க போல" என்றார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியாத எரிச்சலில்தான் இந்தப் பதிவு.

அந்தப் பாட்டி டோரதி ஹாட்ஜ்கின். 1964-இல் வேதியியல் நோபல் வாங்கியவர். 1985-இல் அவரை வரைந்தவர் மேகி ஹாம்ப்ளிங். படத்தில் முன்னால் நிற்பது இன்சுலின் மூலக்கூறின் மாதிரி வடிவம். ஆமாம், நம் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் முட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அதே இன்சுலின்தான். அதன் எக்ஸ்ரே படத்தை ஹாட்ஜ்கின் வெளியிட்டது 1935-இல். உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கண்டு முடித்தது 1969-இல்.

சரஸ்வதியின் கைகள் வீணை, ஏடு, ஜபமாலை என்று எதையாவது பிடித்தபடி அசையாமல் இருக்கும். இந்தப் படத்தில் நாலு கையும் நாலு வேலையில் ஓடிக்கொண்டிருக்கின்றன. என் கணக்குப்படி இது ரெண்டே கைதான். அதையே இப்போது ஒரு தடவை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை வரைந்தது போல. சிந்தனையாளர் என்றாலே தாடையில் கை வைத்து உட்காரவைத்துவிடுவார்கள். இங்கே யோசனை விரலில் நடக்கிறது.

அந்த விரல்களுக்கு முடக்குவாதம். 24 வயதிலேயே வந்துவிட்டது. எக்ஸ்ரே கருவியின் மெயின் சுவிட்சைப் போட முடியாமல் நீளமான நெம்புகோல் ஒன்று செய்து வைத்துக்கொண்டவர் அவர். ஓவியர் நினைத்திருந்தால் கைகளை மேசைக்கடியில் ஒளித்திருக்கலாம் (நம் ஊர் ஸ்டுடியோக்காரர் முந்தானையை இழுத்துவிட்டு அதைத்தான் செய்வார்). இவர் அதே கைகளை இரட்டிப்பாக்கி நடுவில் வைத்திருக்கிறார்.

எங்கள் அத்தைக்கும் இதே வியாதி. புளி சீசனில் திண்ணையில் உட்கார்ந்து கொட்டை தட்டுவார். விரல் மடங்காது. கட்டைவிரலுக்கும் உள்ளங்கைக்கும் நடுவே இரும்புக் கம்பியை இடுக்கிக்கொண்டு, கல்மேல் வைத்த பழத்தை ஒரே தட்டு. கொட்டை தனியாகத் தெறிக்கும், சதை நசுங்காது.

ராத்திரி அவரிடமும் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். சாமி, சரஸ்வதி எதுவும் சொல்லவில்லை.

"ரெண்டு கை வலியே தாங்கல. நாலுக்கும் யாருடா தைலம் தேய்ச்சு விடுறது?"