சாரை, நாகத்தின் ஆண் அல்ல

நேற்று எங்கள் குடியிருப்பில் அடித்துக் கொல்லப்பட்ட பாம்பின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மறுபடி இங்கே இட எனக்கு மனமில்லை. செத்தது சாரைப் பாம்பு. "நாகத்தின் ஆண் இது, விட்டிருந்தால் ஜோடியும் வந்திருக்கும்" என்று படத்தின் கீழே ஒருவர் எழுத, முப்பது பேர் கைகூப்பியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சாரை, நாகத்தின் ஆண் அல்ல. சாரையிலேயே ஆணும் பெண்ணும் உண்டு, நாகத்திலும் உண்டு. உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-லேயே இரண்டுக்கும் தனித்தனியாகப் பெயரிட்டுவிட்டார். இன்றைய வகைப்பாட்டில் இவை ஒரே குடும்பத்தில்கூட இல்லை. சாரையும் நாகமும் பிணைந்து ஆடுவதாக ஊரில் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலம் பார்க்கும் சண்டைதான். நம் நாட்டில் பாம்புக்கடி மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும். சாரைக்கு நஞ்சே கிடையாது.

திருவாரூர்ப் பக்கம் நெல் விளைவித்த என் தாத்தா, வைக்கோல் போருக்குள் சாரை நுழைந்தால் எங்களைத்தான் ஒதுங்கி நிற்கச் சொல்வார். கதிரை அறுத்து வளைக்குள் பதுக்கும் எலிகளுக்குக் கிட்டி வைத்தே அலுத்துப்போனவருக்கு, அந்த வளைக்குள் புகுந்து எலியைப் பிடிக்கிற உயிரை அடிக்கக் கை வரவில்லை. எங்கள் குடியிருப்பின் குப்பைத் தொட்டியைச் சுற்றியும் எலிகள்தான் திரிகின்றன. அவற்றைத் தின்ற சாரையைக் கொன்றுவிட்டோம். எலிகளோ இருக்கின்றன, நீங்கள் அஞ்சுகிற நாகமும் அந்த எலிகளைத் தேடித்தான் வரும்.

குழந்தைகள் விளையாடும் இடம் என்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானது; என் மகளும் அங்கேதான் விளையாடுகிறாள். ஆனால் தீயணைப்புத் துறையை அழைத்திருந்தால் வந்து பிடித்துப் போயிருப்பார்களே? இருட்டில் இன்ன பாம்பு என்று எப்படித் தெரியும் என்று கேட்பவர்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டியது, சாரை பகலில் இரை தேடும் பாம்பு, அதை அடித்தது காலை பதினொரு மணிக்கு.

"உன் பிள்ளையைக் கடித்த பிறகு பேசு" என்று எழுதியவர், என் மகள் பிறந்த அன்று மருத்துவமனைக்கு முதலில் ஓடிவந்தவர். நான் அவரை ஒரு சொல்லும் குறை சொல்லவில்லை, பாம்பின் பெயரை மட்டுமே திருத்தினேன். கம்போடு நின்ற பெரியவர்களுக்கு நடுவே அவருடைய பையனும் நின்றிருந்தான். செத்துக் கிடந்த சாரையைக் காட்டி, அதுதான் ஆண் நாகம் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.