ஏசியைச் சுத்தி சிலிக்கான் அடிச்ச புண்ணியவானுக்கு

மறுபடியும் சிலிக்கான் பசை. மறுபடியும் மோட்டார்ஹோமோட, அதான் உள்ளேயே தங்கிப் பயணம் போற வீட்டு வண்டியோட, கூரை ஏசி. நாலு பக்கமும் ஒரு நூல் இடைவெளி விடாம, வெள்ளை வெளேர்னு, விரலால வழிச்சு விட்ட தடம் கூட அப்படியே இருக்கு. அந்தப் பழைய வண்டியை விக்கிறவர் எழுதிக் குடுத்த விவரத்துல ஒரு வரி: "கூரை புதுசா சீல் பண்ணியாச்சு, ஒழுகல் அறவே கிடையாது." உள்ள வந்து நிமிர்ந்து பார்த்தா ஏசிக்கு நேர் கீழ சீலிங்ல பழுப்பு வட்டம். வட்டத்துக்குள்ள வட்டம். ஒவ்வொரு தடவை நனைஞ்சு காய்ஞ்சதுக்கும் ஒரு கோடு, கணக்குப் புத்தகம் மாதிரி.

மோட்டார்ஹோம் வெச்சிருக்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லார் வண்டியிலயும் எங்கயோ ஒரு மூலையில அந்த வெள்ளைக் கோடு இருக்கும். முன்னாடி வெச்சிருந்தவர் போட்டது, இல்லன்னா அவருக்கு முன்னாடி இருந்தவர் போட்டது, இல்லன்னா "நான் பார்த்துக்கறேன்"னு வந்த மெக்கானிக் போட்டது. ஆனா ஏசியைச் சுத்திப் போடறது தனி ரகம். அதுக்குன்னு ஒரு மனசு வேணும்.

அது எப்படி நடந்திருக்கும்னு பாருங்க. சீலிங்ல ஒரு சொட்டு விழுது. வெளிய நல்ல வெயில். மழைக்கான அறிகுறியே இல்ல. ஏசி ஓடிக்கிட்டு இருக்கு. இந்த மூணு விஷயத்தையும் ஒரே நேரத்துல மனசுல வெச்சு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் யோசிச்சிருந்தா போதும். மழையில்லாத நாள்ல ஏசி ஓடறப்ப மட்டும் சொட்டினா அது மழைத் தண்ணி இல்லய்யா, ஏசியோட தண்ணி! காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்த காயில்ல பட்டு நீராகி, அடித்தட்டுல விழுந்து, தட்டோட வடிகால் ஓட்டைங்க வழியா கூரைக்கு வந்து, ஓரமா ஓடிக் கீழ போகணும். புழுக்கமான நாள்னா லிட்டர் கணக்குல போகும். அதுக்குப் போக வழி வேணும்னுதான் அடித்தட்டு கூரையில ஒட்டாம, கொஞ்சம் தூக்கி நிக்குது. அந்த இடைவெளி குறையில்ல. அதுதான் வாய்க்கால்.

நம்ம புண்ணியவான் யோசிக்கல. ஏணி எடுத்தாரு. மேல ஏறினாரு. அடடா, இவ்வளவு பெரிய சந்து இருக்கேன்னு கண்டுபிடிச்சாரு. இறங்கினாரு. டியூப் எடுத்தாரு. மூக்கைச் சாய்வா வெட்டினாரு, அதுல மட்டும் எந்தக் குறையும் சொல்ல முடியாது. திரும்ப ஏறினாரு. முன்பக்கம் ஒரு கோடு. இடதுபக்கம் ஒரு கோடு. பின்பக்கம் கைக்கு எட்டியிருக்காது, படுத்துக்கிட்டு ஒரு கோடு. வலதுபக்கம் டியூப் தீர்ந்திருக்கு, ஏன்னா நடுவுல நிறம் மாறுது. அதாவது மறுபடி இறங்கி, இன்னொரு டியூப் எடுத்து, மறுபடி ஏறியிருக்காரு! மனுஷனுக்கு ரெண்டு வாய்ப்பு குடுத்திருக்கு விதி. ரெண்டையும் பிதுக்கித் தீர்த்துட்டாரு.

அப்புறம் என்ன ஆச்சு? ஏசிக்கு அடியில ஒரு தொட்டி கட்டின மாதிரி ஆச்சு. வடியற தண்ணி வெளிய போக வழியில்லாம ஏசிக்கும் சிலிக்கானுக்கும் நடுவுல தேங்குது. மட்டம் ஏறுது. உள்பக்கம், கூரையில பக்கத்துக்கு 14.25 அங்குலமா வெட்டின சதுர ஓட்டையைச் சுத்தி, ஏசிக்கும் கூரைக்கும் நடுவுல அமுங்கி இருக்கிற நுரைப் பட்டை, அதான் கேஸ்கெட், அதுதான் கடைசிக் காவல். மேலேர்ந்து விழற மழையைத் தடுக்கத்தான் அது. நாள் முழுக்கத் தண்ணியில ஊறி நிக்க இல்ல. வண்டி கொஞ்சம் சாய்வா நின்னா போதும், தண்ணி கேஸ்கெட்டைத் தாண்டி பிளைவுட் ஓரத்தைப் பிடிச்சுக்கும். முன்ன எப்பவாவது ஒரு சொட்டு விழுந்த இடத்துல இப்ப தினமும் ஒழுகுது. அதுக்கு அவர் என்ன பண்ணினாரு தெரியுமா? கோட்டுக்கு மேல இன்னொரு கோடு. ரெண்டாவது அடுக்கு தனியா உரிஞ்சு வருது, முழுசா, ஒரே நாடாவா. வரத்தானே செய்யும்! இறுகின சிலிக்கான் மேல எதுவும் ஒட்டாது. வேற சீலன்ட் ஒட்டாது, பெயின்ட் ஒட்டாது, இன்னொரு சிலிக்கானே கூட ஒழுங்கா ஒட்டாது.

இத்தனைக்கும் செய்ய வேண்டியிருந்த வேலை ஏணியே இல்லாம முடிஞ்சிருக்கலாம். வெளிக் கரண்ட், ஜெனரேட்டர் ரெண்டையும் நிறுத்தணும். உள்ள சீலிங்ல இருக்கிற பிளாஸ்டிக் மூடியைக் கழட்டணும். ஏசியை மேலேயும் கீழேயும் கவ்விப் பிடிச்சிருக்கிற நீள போல்ட் தெரியும், பெரும்பாலும் நாலு. வண்டி ஓடற அதிர்வுல அது தளர்றது சகஜம். கேஸ்கெட் கிட்டத்தட்ட பாதி கனத்துக்கு, பொதுவா அரை அங்குலத்துக்கு, அமுங்கியிருக்கணும். ஓட்டைக்குள்ள டார்ச் அடிச்சா நுரையோட ஓரம் கண்ணுக்கே தெரியும். தளர்ந்திருந்தா ஒரே போல்ட்டைப் பிடிச்சு முறுக்காம, எதிர் எதிர் மூலையா அரைச் சுத்து அரைச் சுத்தா இறுக்கணும். பலத்தைக் காட்டக் கூடாது. நுரை அப்பளமாயிட்டா அடுத்த வருஷம் இறுக்கறதுக்கு இடமே இருக்காது, கேஸ்கெட்டையே மாத்தணும், அதுக்கு ஏசியைத் தூக்கணும், அதுக்கு ரெண்டு ஆள் வேணும். போல்ட் சரியா இருந்தும் சொட்டினா மட்டும் மேல போய் வெளி மூடியைக் கழட்டி, வடிகால் ஓட்டையில இலை, சேறு, குளவிக் கூடு எது அடைச்சிருக்குன்னு பார்த்து ஒரு கம்பியால குத்தி விட்டா முடிஞ்சது. அரை மணி நேர வேலை. இதுக்குத்தான் ரெண்டு டியூப்.

இப்ப அந்தச் சிலிக்கானை எடுக்கற பாடு. உலோகச் சுரண்டியை எடுத்துராதீங்க, கூரை கிழிஞ்சிரும். பிளாஸ்டிக் சுரண்டி, விரல், பொறுமை. முதல்ல கூரை என்ன பொருள்னு தெரியணும்: ஈபிடிஎம்ங்கிற ரப்பரா, டிபிஓங்கிற பிளாஸ்டிக் விரிப்பா, ஃபைபர்கிளாஸா, அலுமினியமா. ஈபிடிஎம்ல பெட்ரோல், தின்னர் வகையறா பட்டா ரப்பர் ஊதி, பசை விட்டு, குமிழா எழும்பும். சிலிக்கானைக் கரைக்கிற திரவம் கடையில இருக்கு, ஆனா ஓரமா ஒரு சின்ன இடத்துல பூசி, கூரைக்கு ஒண்ணும் ஆகலன்னு பார்த்துட்டுத்தான் மத்த இடம். கடைசியில ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால துடைக்கணும். ஒரு துண்டு டேப்பை ஒட்டி உரிச்சுப் பாருங்க. பிடிக்காம வழுக்கிக்கிட்டு வந்தா கண்ணுக்குத் தெரியாத படலம் இன்னும் இருக்கு, திரும்பத் துடைங்க. பூச எடுத்த நேரம் பத்து நிமிஷம். எடுக்க ஒரு நாள் முழுக்க. அதுவும் முழங்கால் போட்டு, கீழ மரம் உளுத்திருக்குமோன்னு பயந்துக்கிட்டே, ஒரு பலகையை விரிச்சு அது மேல பாரத்தைப் பரப்பி.

சிலிக்கானே வேண்டாம்னு சொல்லல. குளிக்கிற இடத்து ஓரத்துல, சிங்க் விளிம்புல தாராளமா போடுங்க. கூரைக்கு அது ஆகாது. வினிகர் நெடி அடிக்கிற ரகம்னா இன்னும் மோசம், அது இறுகறப்ப வர்ற அமிலம் திருகாணியையும் உலோக விளிம்பையும் அரிக்கும்.

கூரையில வென்ட், ஆன்டெனா, ஏணிக் கால், கழிப்பறைக் காத்துக் குழாய் இதுங்களைச் சுத்திப் போட வேண்டியது லேப் சீலன்ட், கூரைக்குன்னே வர்ற அடைப்புப் பசை. தட்டையான இடத்துக்குத் தானே பரவிச் சமமாகிற ரகம், நிமிர்ந்த இடத்துக்கு வழியாத ரகம். ரெண்டையும் மாத்திப் போட்டா பக்கச் சுவர்ல கண்ணீர்க் கோடு மாதிரி வழிஞ்சு காயும், அந்த அழகையும் பார்த்தாச்சு. இடம் சுத்தமா, உலர்ந்து இருக்கணும், 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழ பூசாதீங்க. ஒவ்வொரு திருகாணித் தலையும் முழுசா மூடணும். மேல் தோல் சீக்கிரம் கட்டிரும், உள்ள முழுசா இறுக வாரக் கணக்கு ஆகும், அதுக்குள்ள விரலால அமுக்கிப் பார்க்கிற ஆராய்ச்சி வேண்டாம். ஏற்கெனவே இருக்கிறது நல்லா ஒட்டியிருந்து மேல மட்டும் மயிரிழையா வெடிச்சிருந்தா, சுத்தம் பண்ணிட்டு அது மேலேயே பூசலாம். விளிம்பு தூக்கியிருந்தா சுரண்டித்தான் ஆகணும்.

ஆனா மேல பூசறது ரெண்டாவது கோட்டை. தண்ணியை நிஜமா தடுக்கறது வென்ட் மாதிரி பொருளோட விளிம்புக்கு அடியில இருக்கிற ப்யூட்டைல் டேப், ரெண்டு பக்கமும் ஒட்டற மெத்து ரப்பர் நாடா. விளிம்பைச் சுத்தி இடைவெளி விடாம ஒரு முழுச் சுத்து, 3 மில்லிமீட்டர் கனம், திருகாணி ஓட்டை எல்லாம் டேப்புக்குள்ள வர்ற மாதிரி. இறுக்கினா ஓரத்துல பிதுங்கும், பிதுங்கணும். மறுநாள் இன்னொரு தடவை இறுக்கணும், ஏன்னா டேப் மெதுவா அமுங்கிக்கிட்டே இருக்கும். பிதுங்கினதைப் பிளாஸ்டிக் கத்தியால வெட்டிடுங்க. பழைய திருகாணி பிடிக்காம சும்மா சுத்தினா மரம் போயிருச்சுன்னு அர்த்தம். அங்க பெரிய திருகாணியை அடிச்சுப் பூசி மெழுகாம, உளுத்ததைக் கிளறி எடுத்து, எபாக்ஸி பசை விட்டு, மரக்குச்சி அடிச்சு, காஞ்சதும் புது ஓட்டை போடணும்.

ஜன்னலுக்கு வர்றேன். அதே புண்ணியவான் ஜன்னலையும் விட்டு வைக்கல. ஃப்ரேமோட கீழ்ப்பக்கம் வரிசையா சின்னச் சின்ன பிளவு இருக்கும். கண்ணாடித் தடத்துல சேர்ற மழைத் தண்ணி அது வழியாத்தான் வெளிய வடியும். அதையும் அடைச்சு வெச்சிருக்காரு! தேடித் தேடி, ஒண்ணு விடாம. மேலயும் பக்கத்துலயும் சீல் பண்ணு, கீழ வடிகாலை விடு. இவ்வளவுதானே? வடிகால்னு ஒண்ணைப் பார்த்தாலே கை அரிக்குது போல அவருக்கு. தடம் நிரம்பின தண்ணி சுவருக்குள்ள இறங்கி, ஃபைபர்கிளாஸுக்குப் பின்னாடி இருக்கிற மெல்லிய பிளைவுட்டை ஊற வெச்சு, வெளிச்சுவர் இப்ப அலை அலையா உப்பி நிக்குது. வெளிச்சம் சாய்வா அடிக்கிற நேரத்துல சுவரோட கண்ணை ஒட்டி வெச்சுப் பார்த்தா பளிச்சுன்னு தெரியும். தட்டினா கலகலன்னு வெத்துச் சத்தம். அதைச் சரி பண்றதுன்னா தோலை உரிச்சு மறுபடி ஒட்டணும், பல வண்டிக்கு அதோட கதை முடிஞ்சது.

அதனால பழைய வண்டி பார்க்கப் போறவங்க விவரக் குறிப்பைப் படிக்காதீங்க, ஈரமானியை எடுத்துட்டுப் போங்க. மரத்துல 15 சதவீதத்துக்குள்ள இருந்தா பயமில்ல. 20 தாண்டினா அங்கேயே நில்லுங்க, அந்த ஈரம் எங்கேர்ந்து வருதுன்னு தெரியாம நகராதீங்க. சொட்டற இடமும் ஓட்டை இருக்கிற இடமும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது. தண்ணி சட்டத்தைப் பிடிச்சு மீட்டர் கணக்குல நடந்து வந்துதான் எட்டிப் பார்க்கும். குழாய் வெச்சுத் தேடறதா இருந்தா கீழேர்ந்து மேலே போகணும், ஒவ்வொரு மட்டத்துலயும் பத்துப் பதினஞ்சு நிமிஷம் நின்னு, உள்ள ஒருத்தர் டார்ச்சோட. நேரா கூரையில பீய்ச்சி அடிச்சா எல்லா ஓட்டையும் சேர்ந்து ஒழுகும், எதுன்னு ஒண்ணும் புரியாது. சொந்த வண்டின்னா வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது மேல ஏறிப் பாருங்க, மரக்கிளை உரசினா அன்னிக்கே. கையில டியூப் இல்லாம ஏறுங்க, தயவு செஞ்சு. டியூப் கையில இருந்தா மனுஷனுக்குப் பூசத்தான் தோணும்.

இவ்வளவையும் எழுதிட்டு என் வண்டியைப் பார்த்தா, அடுத்த வம்பு டேங்க் அளவு காட்டற பலகை. கழிவு டேங்கைத் திறந்து விட்டு, ரெண்டு தடவை அலசி ஊத்தி, தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் நின்னாச்சு. பொத்தானை அமுக்கினா "மூணுல ரெண்டு பங்கு"ன்னு விளக்கு எரியுது. காலி டேங்க்! அளவு பார்க்க டேங்க் சுவர்ல துளை போட்டு வெச்ச உலோக முனைங்க மேல காகிதமும் அழுக்கும் ஒட்டி, ஈரத்தோட மின்சாரத்தைக் கடத்துதாம், அது தண்ணின்னு நினைச்சுக்குதாம். டேங்க்ல பாதி தண்ணியும் ஐஸ் கட்டியும் போட்டு ஓட்டுங்க, தேய்ச்சு எடுத்துரும்னு ஒருத்தர் விடாம எல்லாரும் சொல்றாங்க. போட்டாச்சு. ஓட்டியாச்சு. ஐஸ் கரைஞ்சு தண்ணியாச்சு. இப்ப "முழுசா நிரம்பியிருக்கு"ன்னு காட்டுது. சரி, கழிப்பறைக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துக்கலாம், விடுங்க.