பல்லுயிர் உடன்படிக்கையில் பழங்குடி மொழிகளுக்கு இடமே இல்லையா?

உலகப் பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கையில் பழங்குடி மொழிகளுக்கு இடமே இல்லை என்று பகிரப்படும் செய்தி தவறானது. பழங்குடியினரின் மரபறிவைப் பேணச் சொல்லும், 1992ஆம் ஆண்டு ஐ.நா. பல்லுயிர் உடன்படிக்கையின் 8ஆம் பிரிவு, ‘ஜே’ உட்பிரிவில் ‘மொழி’ என்ற சொல் இல்லை என்பது மெய்தான். வதந்திக்கு அதுவே வித்தாக இருந்திருக்கலாம். ஆனால், மரபறிவின் நிலையை அளக்க அவ்வுடன்படிக்கையின் கீழ் ஏற்கப்பட்ட குறியீடுகளில் ஒன்று, மொழிப் பன்மையின் போக்கையும் பழங்குடி மொழிகளைப் பேசுவோரின் எண்ணிக்கையையும் கணக்கிடுவதாகும். ஒரு மூலிகையின் பெயரும் பயனும் ஒரே மொழியில் மட்டும் வழங்கும்போது, அம்மொழி மறைந்தால் அந்த அறிவும் மங்கும் என்பதே இதன் அடிப்படை. அதே உடன்படிக்கையின் கீழ் நாடுகள் ஏற்ற பல்லுயிர்ப் பாதுகாப்பு இலக்குகளின் தொகுப்பான, 2022இன் குன்மிங்–மாண்ட்ரியல் கட்டமைப்போ, தன் 21ஆவது இலக்கில், மரபறிவை உரியவர்களின் முன்ஒப்புதலுடன் மட்டுமே அணுக வேண்டும் என்கிறது. எனினும் குறியீடு என்பது அளவுகோலே. எந்த அரசையும் ஒரு மொழியைக் காக்குமாறு அது சட்டப்படி கட்டாயப்படுத்துவதில்லை.