ஜெயிலுக்கு அசிஸ்டென்ட் போதுமாம்!

சங்கத்து மேடையில் அந்த இதய நிபுணர் பேசிய காணொளி இந்நேரம் உங்கள் எல்லோருடைய வாட்ஸ்அப்பையும் சுற்றி முடித்திருக்கும். "கைதிகளுக்கு எதற்கு டாக்டர்? அசிஸ்டென்ட் போதும்" என்றார். அரங்கம் சிரித்தது. மூன்றாவது வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தது நீங்கள்தானா என்று உள்பெட்டியில் கேட்கிறீர்கள். நானேதான். இந்த அமெரிக்காவில் ஒரு கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) சிறையில் பிசிஷியன் அசிஸ்டென்டாக, அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்து வைத்தியம் செய்பவளாக, வேலை பார்க்கிறேன்.

என் படிப்பைக் கிண்டல் செய்ததோடு நிறுத்தியிருந்தால் விட்டிருப்பேன். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: உள்ளே இருப்பவனுக்கு வேறு மருத்துவரிடம் போக வழியில்லை. டாக்டர் ஐயாவைப் பிடிக்காவிட்டால் அவருடைய நோயாளி காரை எடுத்துக்கொண்டு அடுத்த மருத்துவரிடம் போவார். என் நோயாளிக்கு நெஞ்சு வலித்தால் கதவைத் தட்ட வேண்டும். காவலர் நம்ப வேண்டும், செவிலியர் நம்ப வேண்டும், பிறகு நான் நம்ப வேண்டும். அதற்கப்புறம்தான் ஒரு இசிஜி. அப்படிப்பட்ட இடத்துக்கா "போதும்"?

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். வெள்ளிக்கிழமை இரவு கொண்டுவந்தார்கள். சேர்க்கும்போது கேட்டதற்கு "எப்போதாவது பீர்" என்றார். ஞாயிறு காலை உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறது என்று சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். "நடிக்கிறான்" என்றார் காவலர். தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் இப்படி ஜன்னி காணும். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். மேற்பார்வை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, ஆம்புலன்ஸ் வரவழைத்து, கைவிலங்கோடு அனுப்பினோம். பிழைத்தார். மருத்துவமனையில் இருக்கும்போதே அவர் மேலிருந்த வழக்கு தள்ளுபடியானது. ஐயா மேடையில் "குற்றவாளி, குற்றவாளி" என்று அடுக்கினாரே, அது இவரையும் சேர்த்துத்தான். கவுன்டி சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெற்றவர்களே அல்ல, விசாரணைக்குக் காத்திருப்பவர்கள். ஜாமீன் கட்டப் பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக உள்ளே இருப்பவர்கள் எத்தனையோ பேர்.

"எங்கள் வரிப்பணத்தில் இலவச வைத்தியமா?" என்று கேட்பீர்கள். இலவசம் என்று யார் சொன்னது? பல சிறைகளில் உடம்பு சரியில்லை என்று சீட்டு எழுதிப் போட்டாலே கைதியின் கணக்கிலிருந்து சில டாலர்களைக் கழித்துக்கொள்கிறார்கள். வைத்தியம் தருவது கருணையும் அல்ல. கைதியின் கடுமையான நோயைத் தெரிந்தே அலட்சியப்படுத்துவது கொடூரமான தண்டனையைத் தடை செய்யும் அரசியலமைப்பின் எட்டாவது திருத்தத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1976-இல் எஸ்டெல் - கேம்பிள் வழக்கில் சொல்லிவிட்டது. கேம்பிள் டெக்சாஸ் சிறையில் இருந்தவர். லாரியிலிருந்து பருத்திப் பொதி இறக்கும்போது பொதி மேலே விழுந்து முதுகு போனது. இதில் வேடிக்கை, அவரைத்தான் 17 முறை பார்த்திருக்கிறார்களே என்று சொல்லி, மருத்துவர்கள் மேல் அவர் போட்ட வழக்கை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. உரிமை ஊருக்கு, முதுகுவலி அவருக்கு.

"ஆனாலும் நீங்கள் டாக்டர் இல்லையே?" இல்லை. அப்படிச் சொல்லிக்கொண்டதும் இல்லை. மருத்துவர் பற்றாக்குறையைச் சமாளிக்கத்தான் 1965-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜீன் ஸ்டெட் என்ற மருத்துவர், கடற்படையில் நோயாளிகளைக் கவனித்துப் பழகியவர்களை வைத்து இந்தப் படிப்பைத் தொடங்கினார். இன்று இது முதுகலைப் படிப்பு, தேசியத் தேர்வும் உண்டு. சில இடங்களில் செலவைக் குறைக்க டாக்டருக்குப் பதிலாக எங்களை நிறுத்துகிறார்கள் என்பது உண்மைதான். அதை இன்னொரு நாள் பேசலாம், இன்று எனக்குப் பொறுமை இல்லை.

என் அம்மாவே ஊரில் "ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்" என்றுதான் சொல்வாள். ஜெயில் என்று வாயைத் திறக்க மாட்டாள். அம்மாவை மன்னிக்கலாம், அவள் காலம் அப்படி. மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிற படித்தவர்களுக்கு என்ன வந்தது?

"நாங்கள் வரிசையில் நின்று விசா வாங்கி வந்தவர்கள்" என்று அந்தக் காணொளிக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அப்படி வரவில்லை என்று பிடித்து வைக்கிறார்களே, அந்தக் குடியேற்றத் தடுப்புக்காவல் என்பது சட்டப்படி தண்டனையே அல்ல, சிவில் காவல், அதாவது குற்றத்துக்கான தண்டனையாக இல்லாத காவல். 2019 ஜனவரியில் டெக்சாஸின் எல் பாசோ தடுப்பு மையத்தில் உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு நீதிமன்ற உத்தரவு வாங்கி மூக்கில் குழாய் விட்டு உணவு ஏற்றினார்கள். அவர்களில் பஞ்சாபிலிருந்து வந்தவர்களும் உண்டு. மனத்தெளிவோடு உணவை மறுப்பவருக்கு இப்படிச் செய்யக் கூடாது என்கிறது உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா பிரகடனம். அந்தக் குழாயை உன் கையில் கொடுத்தால் என்ன செய்வாய் என்று என்னைக் கேளுங்கள். அது நியாயமான கேள்வி. மாட்டேன் என்பேன், வேலையும் போகலாம். அதைக் கேட்க அன்று அத்தனை டாக்டர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, அசிஸ்டென்ட் ஜோக்குக்கு மட்டும் நேரம் இருந்தது.

"இவ்வளவு வருத்தம் என்றால் வெளியே ஒரு கிளினிக்கில் சேர வேண்டியதுதானே" என்று அக்கறையோடு ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். சேரலாம் அண்ணா. எனக்கு முன்பு இங்கே இருந்தவர் அப்படித்தான் போனார். அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. நான் வந்தபோது மேஜையில் சீட்டுகள் கட்டுக்கட்டாக இருந்தன. பல்வலி, சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டது, காதில் சீழ். எழுதியவர்களில் பாதிப் பேரை அதற்குள் வேறு சிறைக்கு மாற்றியிருந்தார்கள். வேலையை விடச் சொல்கிற அண்ணன்மார் யாராவது அந்த இடத்துக்கு விண்ணப்பம் போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், நாளைக்கே ராஜினாமா எழுதுகிறேன்.