மிச்செல் ஒபாமாவின் பின்னலும் கைதட்டலும்

வெள்ளை மாளிகையில் இருந்த எட்டு வருஷமும் மிச்செல் ஒபாமா தன் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். ஏன் என்று 2022 நவம்பரில் வாஷிங்டன் மேடை ஒன்றில் அவரே சொன்னார். பின்னல் போடலாமா என்று யோசித்தாராம். இந்த நாடு இன்னும் அதற்குத் தயாராகவில்லை என்று விட்டுவிட்டாராம். முதலில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறட்டும், நடுவில் என் தலைமுடி பேச்சாக வேண்டாம் என்கிற கணக்கு. அதே வருஷம் செப்டம்பரில் தன் உருவப்படத் திறப்புக்கு வெள்ளை மாளிகைக்குத் திரும்பியபோது பின்னலோடு போனார். ஊரே கைதட்டியது. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஹார்வர்டில் சட்டம் படித்து, நாட்டின் முதல் பெண்மணியாக இருந்தவரே பதவிக்காலம் முடியும்வரை பொறுத்திருந்தார் என்றால், இன்டர்வியூவுக்குப் போகிற சாதாரண கறுப்பினப் பெண் என்ன செய்வாள்?

ரிலாக்சர் போடுவாள், அதாவது சுருட்டை முடியை நேராக்கும் ரசாயன க்ரீம். நெற்றியோரத்திலும் காதிலும் வாசலின் தடவிக்கொண்டு அந்த க்ரீமைப் பூசுவார்கள். பல ரிலாக்சர்களில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. கொஞ்சம் அதிக நேரம் விட்டால் மண்டைத்தோல் வெந்து புண்ணாகும். அத்தோடு முடிந்ததா? வேர் சுருண்டே வளரும், ஆறெட்டு வாரத்தில் மறுபடி பூச வேண்டும். முடியை நேராக்கும் ரசாயனங்களை அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 4 சதவீதம், பயன்படுத்தாதவர்களில் 1.6 என்று 2022-ல் அமெரிக்க அரசின் ஆய்வு சொன்னது. இதனால்தான் வருகிறது என்று அது அடித்துச் சொல்லவில்லை. ஆனால் படித்தபின் மனசு கேட்கவில்லை.

இதில் என்னை ரொம்ப உறுத்தியது அமெரிக்க வீராங்கனை கேபி டக்ளஸ் விவகாரம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், 16 வயதில், ஜிம்னாஸ்டிக்ஸ் ஆல்-அரவுண்ட் தங்கம், அதாவது எல்லாப் பிரிவுகளையும் சேர்த்துப் பார்க்கிற தனிநபர் பட்டம். அதை வென்ற முதல் கறுப்பினப் பெண். ட்விட்டரில் பேச்சோ, அந்தப் பிள்ளை ஏன் தலையை ஒழுங்காக வாரவில்லை என்று. எழுதியவர்களில் கறுப்பினப் பெண்களே நிறைய. பொறாமை என்று தள்ளிவிட முடியவில்லை. ஒருத்தி தலை கலைந்திருந்தால் மொத்த இனத்தையும் இழிவாகப் பேசுவார்கள் என்று பயந்து பயந்து வளர்ந்தவர்களின் பதற்றம் அது.

அதற்காக, விக் வைப்பவளைப் பார்த்து "உன் அடையாளத்தை விற்றுவிட்டாய்" என்று வகுப்பெடுப்பவர்களையும் எனக்குப் பிடிக்காது. அவள் தலை, அவள் இஷ்டம். (அந்த விக்குகளில் ஒரு பங்கு நம் திருப்பதி மொட்டையிலிருந்து ஏலம் போன முடி. வேண்டுதல் ஒரு கண்டத்தில், அலங்காரம் இன்னொரு கண்டத்தில்.)

பிரபலங்களின் அட்டைப்படத்தைவிடச் சட்டம்தான் எனக்கு முக்கியம். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் ஒருவர் பின்னலுக்கான தடையை எதிர்த்து வழக்குப் போட்டுத் தோற்றார். போ டெரிக் என்ற வெள்ளை நடிகை சினிமாவில் பின்னலோடு வந்து அது ஃபேஷனான பிறகுதானே இவரும் போட்டார் என்று தீர்ப்பிலேயே இருக்கிறது! பாட்டி காலத்துப் பின்னலுக்கு நடிகை சொந்தக்காரி ஆகிவிட்டார். 2019-ல்தான் கலிஃபோர்னியா முதல் மாநிலமாக கிரவுன் சட்டம் போட்டு, முடியை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்றது. பின்னாலேயே பல மாநிலங்கள் வந்தன. நாடு முழுவதற்குமான மசோதாவை நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை 2022 மார்ச்சில் நிறைவேற்றியது. மேலவையான செனட்டில் அப்படியே நின்றுபோனது. மிச்செலின் பின்னலுக்கு ஹார்ட்டின் விட்டவர்கள் அதைப் பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கலாம்.