கிரீன்வுட் தீர்ப்பு குப்பையின் உரிமையைப் பற்றியதன்று

வீதியோர மறுசுழற்சித் தொட்டிகளிலிருந்து காலி பானக் கேன்களைப் பிறர் எடுத்துச் செல்வது திருட்டா என்ற விவாதத்தில், “வீதியோரத் தொட்டியில் போட்டுவிட்டால் அது யாருக்கும் சொந்தமில்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1988இல் அப்படித் தீர்ப்பளித்துவிட்டது” என்று ஒருவர் எழுதியிருப்பது தவறான புரிதல். கலிபோர்னியா எதிர் கிரீன்வுட் என்ற அந்த வழக்கில் நீதிமன்றம் ஆராய்ந்தது, வீட்டுக்கு வெளியே வைக்கப்பட்ட குப்பைப் பைகளைக் காவல்துறையினர் நீதிமன்ற ஆணையின்றிச் சோதிப்பது, நியாயமற்ற சோதனைகளைத் தடுக்கும் அரசியலமைப்பின் நான்காம் திருத்தத்தை மீறுகிறதா என்பதை மட்டுமே. அந்தப் பைகளில் அந்தரங்க உரிமையை எதிர்பார்க்க முடியாது என்று நீதிமன்றம் கூறியதும், பொருளுக்கு உரிமையாளரே இல்லை என்பதும் ஒன்றல்ல.

அதே கலிபோர்னியாவில், மறுசுழற்சிக்கெனப் பிரித்துக் குறிப்பிட்ட இடத்தில் வைக்கப்பட்ட தாள், கண்ணாடி, அலுமினியம் போன்றவற்றை அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரைத் தவிர வேறு எவரும் அகற்றக்கூடாது என்று பொது வளங்கள் சட்டத்தொகுப்பின் 41950ஆம் பிரிவு தெளிவாகவே தடுக்கிறது. இங்கிலாந்திலும் 1957இல் வில்லியம்ஸ் எதிர் பிலிப்ஸ் வழக்கில், சேகரித்த குப்பையிலிருந்து பொருள்களைத் தமக்கென எடுத்துக்கொண்ட துப்புரவுப் பணியாளர்களின் திருட்டுத் தண்டனை உறுதிசெய்யப்பட்டது. ஏனெனில், தொட்டியில் இடுபவர் பொருளைக் கைவிடவில்லை, உள்ளாட்சி அமைப்பு எடுத்துச் செல்வதற்காகவே வைக்கிறார்.

அதற்காக, கேன் பொறுக்குபவர்கள் எல்லாரையும் “திருடர்கள்” என்று இன்னொருவர் எழுதியிருப்பதையும் ஏற்க இயலாது. பல இடங்களில் இது உள்ளூர் விதிமீறலாகவே கருதப்படுகிறது. சட்டம் ஊருக்கு ஊர் மாறுகிறது. காலி கேனைத் திருப்பிக் கொடுத்தால், வாங்கும்போது கட்டிய 5 சென்ட் வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் மாநிலத்தில் அந்தத் தொட்டியை நாடுபவர் பெரும்பாலும் எந்த நிலையில் இருப்பார் என்பதும் நாம் அறியாததல்ல. வீட்டுக்காரரே கேன்களைத் தொட்டியில் இடாமல் நேரடியாகக் கையில் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கலே எழாது.